வீட்டு முயல்: உறைவிடமும் உணவும் படுக்கையும்



நம் மொழியில் முயலுக்கு நெடுங்காலமாக ஓர் இடம் உண்டு. கிடைத்தற்கரிய பொருளை முயற்கொம்பு என்கின்றோம். தன் சொல்லையே சாதிப்பவனைக் கண்டால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் என்று நகைக்கின்றோம். முழுமதியிலே தெரியும் கறையை முயல் எனப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோம். புத்தர் பெருமான் முற்பிறப்பொன்றில் முயலாய்ப் பிறந்து, விருந்தினனின் பசி தீர்க்கத் தீயிற் பாய்ந்தார் என்னும் சாதகக் கதையும் இந்நாட்டில் நன்கு வழங்கி வருவதே. இவ்வளவு பழகிய பிராணியை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர், அது எங்கே உறைய வேண்டும், எதை உண்ண வேண்டும், எதன்மேற் படுக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாது நிற்போர் பலர். அம் மூன்றையும் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

நாய்க்குப் பசித்தால் குரைக்கும். பூனை காலைச் சுற்றிவந்து கத்தும். ஆடு அயலெல்லாம் கேட்கக் கதறும். முயலோ பெரும்பாலும் ஓசையின்றி வாழும் பிராணி. கழுகுக்கும் நரிக்கும் இரையாகிப் பழகிய இனம் ஆதலால், நோயையும் நோவையும் வெளியே காட்டாது மறைத்துக்கொள்ளுதல் அதன் இயல்பாயிற்று. நேற்று நன்றாயிருந்த முயல் இன்று காலையில் இறந்து கிடக்கின்றதே என்று வருந்துவோர், அது பல நாள் துன்புற்றிருந்ததை அறியாதவராயிருத்தல் கூடும். கேட்டுப் பெறத் தெரியாத பிராணிக்கு, அது கேளாமலே வேண்டியவற்றை முன்கூட்டி அமைத்துக் கொடுத்தல் வளர்ப்பவர் கடன் ஆகும்.

அதற்கு முதலில் அதன் பூர்வீகத்தை அறிதல் நன்று. நமது பற்றைக்காடுகளிலும் புல்வெளிகளிலும் ஓடித்திரியும் காட்டுமுயல் வேறு. நாம் வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பதுங்கி வாழும். அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டுமுயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகள் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்தவை. அவை மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றிக் கண் மூடியவையாய்ப் பிறக்கும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடிக் குட்டி ஈனுவதுமில்லை. ஆகையால் வயலோரத்திற் கண்டெடுத்த காட்டுமுயற் குட்டியைக் கூட்டிலிட்டு வளர்க்க முயல்வது அதனைச் சாகடிப்பதற்கே ஒப்பாகும்.

வளை என்பது யாது? அது குளிர்ச்சியான இடம், இருளான இடம், ஈரமற்ற இடம், துணையோடு ஒதுங்கும் இடம். வளைக்கு வெளியே பரந்த புல்வெளி. நாம் அமைக்கும் உறைவிடம் வளைக்கு ஈடாக வேண்டும். நாம் கொடுக்கும் தீன் புல்வெளிக்கு ஈடாக வேண்டும். இவ்வொன்றை மனத்திற்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் உறைவிடம். கடைகளில் விற்கப்படும் சிறு கம்பிக்கூடு கோழிக்குஞ்சு கொண்டுபோகப் போதுமேயன்றி, முயலொன்று ஆயுள் முழுவதும் வாழப் போதாது. இரண்டு முயல்களுக்கு 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் கொண்ட இடம் வேண்டுமெனப் பிரித்தானியாவிலுள்ள முயல் நல அமைப்பினர் கூறுகின்றனர். முயல் தொடர்ந்து சில பாய்ச்சல் பாயவும், உடலை முழுதாக நீட்டிப் படுக்கவும், காது மேலே முட்டாமற் பின்னங்கால்களில் எழுந்து நிற்கவும் இயல வேண்டும் என்பதே இவ்வளவின் கருத்து. பாய்ந்தோட இடமற்ற முயலின் எலும்புகள் வலுவிழக்கும், உடல் பருக்கும், குடலின் இயக்கமும் மந்தமாகும்.

வளவுள்ள வீட்டாருக்கு இஃது அரிதன்று. மரநிழலிலே ஒரு கொட்டிலை அமைத்துச் சுற்றிலும் வலுவான கம்பிவலை அடிக்கலாம். கொழும்பு போன்ற நகரங்களில் மாடிவீடுகளில் வசிப்போர், உறங்குவதற்கு ஒரு பெட்டியும், நாள்தோறும் பல மணிநேரம் உலாவுவதற்கு அடைப்பு வைத்த ஓர் அறையும் கொடுக்கலாம். அவ்வறையில் மின்சாரக் கம்பிகள் முயலின் வாய்க்கு எட்டாதபடி இருத்தல் வேண்டும். நிலத்தோடு கிடக்கும் கம்பி முயலின் கண்ணுக்கு மரவேராகவே தோன்றும். கடித்துத் துண்டிக்கத் தயங்காது.

கொட்டிலின் தரை கம்பிவலையாய் இருத்தலாகாது. நாய், பூனைகளுக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்திலே மெத்தென்ற தசைத்திண்டு இல்லை. மயிர் மட்டுமே உண்டு. கம்பியின்மேல் நாள் முழுதும் நின்றால் பாதம் புண்ணாகி எலும்புவரை அழுகும். எச்சம் கீழே விழுதற்பொருட்டுச் சிறு பகுதியிற் கம்பித்தரை வைத்தோர், அதன்மேற் பலகையும் வைக்கோலும் இட்டுப் பெரும்பகுதியைச் சமதரையாக்குதல் வேண்டும். முயல் மண்ணைத் தோண்டி வெளியேறும் ஆகையால், மண்தரையாயின் கம்பிவலையை மண்ணுக்குள்ளும் சிறிது ஆழம் புதைத்தல் நன்று.

கூரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தகரம் மட்டும் போட்ட கொட்டில் நண்பகலில் அடுப்பாக மாறும். கிடுகு அல்லது பனையோலை வேய்ந்த கூரை சிறந்தது. தகரந்தான் உண்டெனில் அதன்மேற் கிடுகு பரப்புக. எத்திசையை அடைப்பது என்பதும் இடத்துக்கிடம் வேறுபடும். வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழை வாடையோடு வருவதால் வடகீழ்ப்புறம் அடைப்பாயிருத்தல் வேண்டும். மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து சாரல் அடிக்குமாதலால் அப்பக்கத்தை அடைக்க வேண்டும். எங்காயினும் ஒரு பக்கமேனும் காற்றோட்டத்துக்குத் திறந்திருத்தல் அவசியம்.

கொட்டிலுக்குள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வைக்க வேண்டும். அதற்கு இரு வாயில்கள் இருப்பது நல்லது. ஒரே வாயிலாயின் அச்சமுற்ற முயல் தப்ப வழியற்று நடுங்கும். இரவிலே கீரி, மரநாய், கட்டாக்காலி நாய், பாம்பு ஆகியவற்றால் ஆபத்துண்டு. பூட்டின்றிக் கயிற்றாற் கட்டிய கதவை நாய் எளிதிற் பிய்த்துவிடும். பகை உள்ளே புகாவிடினும், வெளியே நின்று வலையைப் பிறாண்டினாற்கூட முயல் அச்சத்தாற் சாதலுண்டு. எறும்பு ஏறாதிருக்கக் கொட்டிற் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துவோர், அந்நீரை நான்கு நாட்களுக்கு ஒருமுறையேனும் கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இல்லையேல் முயலைக் காக்கப்போய் டெங்கு நுளம்பை வளர்த்தவராவோம்.

இனி, நம் நாட்டில் முயலுக்கு வரும் பெரும்பகை வெப்பமே. முயலுக்கு வியர்ப்பதில்லை. உடற்சூட்டை அது பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றும். ஏறக்குறைய 15 முதல் 21 பாகை செல்சியஸ் வரையான வெம்மையே அதற்கு இதமானது. 30 பாகையை அணுகும்போது அதற்கு இடர் தொடங்குகின்றது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அனுராதபுரத்திலும் இவ்வெம்மை பல மாதங்கள் நிலைத்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். வேளைக்கு வேளை நிழல் நகர்வதைக் கவனித்துக் கொட்டிலுக்கு இடம் தேர்க. போத்தலொன்றில் நீரை உறையச் செய்து துணியாற் சுற்றிக் கொட்டிலில் வைத்தால், முயல் தானே வந்து அதன்மேற் சாய்ந்து படுக்கும். ஈரச்சாக்கை வெளிப்புறத்திலே தொங்கவிடுதலும் உதவும்.

வாய் திறந்து மூச்சு வாங்குதல், காது கொதித்தல், எச்சில் வழிதல், கால் சோர்ந்து கிடத்தல் ஆகியன வெப்பத்தாக்கின் குறிகள். அவ்வேளையில் முயலைக் குளிர்ந்த இடத்துக்கு எடுத்துச் சென்று, காதுகளை ஈரத்துணியால் நனைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்துவது அதிர்ச்சியால் உயிரைப் போக்கிவிடும்.

அடுத்தது உணவு. முயலுக்கு 28 பற்கள் உள்ளன. அவை யாவும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்கின்றன. நாள் முழுதும் புல்லை அரைத்து மென்றால் மட்டுமே அவை தேய்ந்து அளவோடிருக்கும். மெல்ல வேண்டாத மென்மையான உணவையே கொடுத்தால், கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். பின்னர் முயல் பசித்தும் உண்ணமாட்டாது.

பல்லுக்கு மட்டுமன்றிக் குடலுக்கும் புல்லே ஆதாரம். முயலினால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்றது முன்னோக்கியே செல்ல வேண்டும். அதனைத் தள்ளிச் செலுத்துவது நார்ச்சத்து. நார் குறைந்தால் குடல் நின்றுபோகும், வாயு நிறையும், நோவு மிகும். ஆகவே முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு முயலின் உடலளவு பருமனுள்ள ஒரு கட்டு என்பது எளிய கணக்கு.

மேலைநாட்டு உலர்புல் இங்கே விலையுயர்ந்தது. ஆனால் வேலியோரத்திலும் வெற்றுக்காணியிலும் கினிப்புல் தாராளமாய் வளர்கின்றது, அறுகும் கிடைக்கின்றது. கினிப்புல்லைப் பூப்பதற்கு முன்பு வெட்டி, மெல்லிதாய்ப் பரப்பி, இரண்டு மூன்று நாட்கள் புரட்டிப் புரட்டி உலர்த்தினால், மாரிகாலத்துக்கு வேண்டியதைச் சேமித்துவிடலாம். சற்றேனும் பூஞ்சணம் பிடித்ததைக் கழித்துவிடுக. தெருவோரப் புல்லில் வாகனப் புகையும் நாயின் சிறுநீரும் படிந்திருக்கும். தோட்டத்தோரப் புல்லிற் களைநாசினி தெளிக்கப்பட்டிருக்கக் கூடும். இடத்தை விசாரித்தே வெட்டுதல் வேண்டும். நெல் வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆயினும் அதிற் சத்துக் குறைவு. அதனைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

புல்லோடு நாளுக்கு ஒரு கைப்பிடி இலைவகையும் கொடுக்கலாம். வற்றாளங்கொடி, செவ்வரத்தம் இலை, வல்லாரை, கொத்தமல்லி இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பது சிறப்பு. கங்குனும் பசளியும் ஒட்சாலிக்கமிலம் மிகுந்தவை ஆதலால் அளவோடு கொடுக்கவேண்டும். கோவா அதிகமானால் வயிறு ஊதும். எவ்விலையையும் நன்கு கழுவி, நீர் வடிந்த பின்னரே இடுக. புதிய இலை எதனையும் முதல்நாள் சிறிதளவாகவும், பின்னர் ஒரு வாரம் பத்து நாட்களிற் படிப்படியாகவும் பழக்க வேண்டும்.

முயல் என்றதும் கரட் நினைவுக்கு வருகின்றது. 1940ஆம் ஆண்டிலே திரைக்கு வந்த அமெரிக்கக் கேலிச்சித்திரப் பாத்திரமான பக்ஸ் பனி கையிற் கரட்டோடு நின்றதிலிருந்து, கரட்டே முயலின் உணவு என்னும் எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்றது. உண்மையிற் கரட்டில் இனிப்பு மிகுதி. விரல்நுனி அளவான துண்டொன்றை இடையிடையே கொடுத்தாற் போதும். வாழைப்பழம், அப்பிள் ஆகியவற்றுக்கும் இதே விதி. கரட்டின் இலையோ முயலுக்கு நல்லுணவு. நாம் கறிக்கு அரிந்து எறிவதே அதற்கு உகந்ததாய் அமைந்தது வியப்பன்றோ!

கடையில் விற்கும் குளிகைத்தீன் கொடுப்போர், உடல்நிறை கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படாமற் கொடுத்தல் வேண்டும். சோறு, பாண், விசுக்கோத்து முதலிய மாப்பொருள்கள் குடலைக் கெடுக்கும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு முயலுக்கு நஞ்சு. அவக்காடோ இலை, உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி, வெங்காயம், மரவள்ளி இலை, அலரி, வளவுகளிற் பரவும் உண்ணிச்செடி ஆகியவை கிட்டவும் வரலாகாதவை.

நீரை மறந்துவிடுவோர் உளர். உடல்நிறை கிலோகிராம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை முயல் நீர் அருந்தும். வெயில் நாட்களில் இன்னும் மிகுதியாக அருந்தும். கவிழாத கனமான மண்சட்டியில் நீர் வைத்தால் தலைதாழ்த்தி இயல்பாகக் குடிக்கும். காலையும் மாலையும் சட்டியைக் கழுவி நீரை மாற்றுக.

முயல் தன் எச்சத்தைத் தானே உண்ணுவதைக் கண்டு சிலர் அருவருத்து அடிப்பதுண்டு. அது நோயுமன்று, பசியுமன்று. முயலுக்கு இருவகைப் பிழுக்கை உண்டு. கடினமானது கழிவு. மென்மையாய்க் கொத்தாய் வருவது, குருட்டுக்குடலிலே நுண்ணுயிர்களாற் பதப்பட்ட சத்துப்பொருள். அதனை முயல் நேரே வாயால் எடுத்து விழுங்கி, புரதத்தையும் உயிர்ச்சத்துக்களையும் பெறுகின்றது. மாடு அசைபோடுதலை ஒத்த செயல் இது. தடுக்கலாகாது.

மூன்றாவது படுக்கை. படுக்கையின் பயன் மூன்று: பாதத்தைக் காத்தல், ஈரத்தை உறிஞ்சுதல், ஒளிந்து படுக்க இடங்கொடுத்தல். அடியிலே பழைய செய்தித்தாள்களை அடுக்கி, அதன்மேல் உலர்ந்த வைக்கோலையோ உலர்புல்லையோ தடிப்பாகப் பரப்புவதே எளிதும் மலிவுமான முறை. மர ஆலைகளிற் கிடைக்கும் தூள் தூசியால் மூச்சுக்குத் தீங்கு செய்யும். பைன், சீடர் போன்ற வாசமுள்ள மரங்களின் சீவலிலிருந்து எழும் ஆவி ஈரலைப் பாதிக்கும். மருந்திட்டுப் பதப்படுத்திய பலகையின் தூளை அறவே விலக்குக. பொலித்தீன் துண்டும் பஞ்சும் வயிற்றிற் சென்று அடைத்துவிடும்.

முயல் இயல்பிலே சுத்தமான பிராணி. சிறுநீர் கழிக்கத் தானே ஒரு மூலையைத் தெரிந்துகொள்ளும். அம்மூலையிலேயே ஒரு தட்டை வைத்துக் கடதாசியும் வைக்கோலும் இட்டு, அதன் அருகே புற்கூடையைக் கட்டிவிட்டால், உண்டுகொண்டே கழிக்கும் அதன் பழக்கத்தினாற் கொட்டிலின் ஏனைய பகுதி உலர்ந்திருக்கும். அத்தட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். படுக்கை முழுவதையும் வாரம் ஒருமுறை அகற்றித் தரையைக் கழுவி வெயிலிற் காயவிட வேண்டும். மாரிகாலத்தில் இன்னும் அடிக்கடி செய்தல் நன்று. அகற்றிய வைக்கோலும் பிழுக்கையும் கத்தரிக்கும் வாழைக்கும் உயர்ந்த பசளை.

முயலின் சிறுநீர் சில வேளை செம்மஞ்சளாகவும், சில வேளை சுண்ணாம்பு கலந்தாற்போலவும் இருக்கும். உண்ட இலையின் நிறமும் உடலுக்கு மிஞ்சிய கல்சியமும் அதிற் சேர்வதே காரணம். ஆனால் படுக்கையில் மூக்கை உறுத்தும் நெடி எழுந்தால், அது பிந்திவிட்டோம் என்பதன் அடையாளம். அந்நெடி முயலின் மூச்சுப்பையைப் புண்ணாக்கும். ஈரப்படுக்கையால் இன்னொரு கொடிய தீங்கும் உண்டு. பின்புறம் நனைந்து அழுக்கான முயலின்மேல் ஈ முட்டையிட்டால், ஒருநாளைக்குள் புழுப் பிறந்து சதையைத் தின்னத் தொடங்கும். வெப்பமும் ஈரமும் கூடிய நம் நாட்டில், நாளுக்கு ஒருமுறை முயலின் வாற்புறத்தைப் பார்த்தல் தவறக்கூடாத கடமை. சிந்திய தீனுக்கு எலி வரும். எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். தீனை மூடியுள்ள தகரப்பேணியில் வையுங்கள்.

இம்மூன்றும் செவ்வனே அமைந்தாலும் நாள்தோறும் ஐந்து நிமிடப் பார்வை தேவை. தீன் குறைந்திருக்கின்றதா, பிழுக்கை வழக்கமான அளவில் உருண்டையாய் விழுந்திருக்கின்றதா, கண்ணும் மூக்கும் உலர்ந்திருக்கின்றனவா, காதினுள்ளே பொருக்கு உண்டா என நோக்குக. ஓசையற்ற பிராணி பேசும் மொழி இதுவே. பன்னிரண்டு மணிநேரம் முயல் உண்ணாதிருந்தாலோ பிழுக்கை இடாதிருந்தாலோ மறுநாள் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே அருகிலுள்ள மிருக வைத்தியரை நாடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் போதனா மருத்துவமனை உண்டு. வீட்டிலிருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தல் ஆபத்து. வாய்வழி கொடுக்கும் பெனிசிலினும் அமொக்சிசிலினும் முயலின் குடல் நுண்ணுயிரை அழித்து அதனைக் கொன்றுவிடும். நாயின் உண்ணிக்கு இடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

முயலைத் தூக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமை. ஒரு கை நெஞ்சின்கீழும் மற்றைக் கை பின்புறத்தின்கீழும் தாங்க, உடல் நம் மார்போடு அணைந்திருக்க வேண்டும். பின்புறம் தாங்கப்படாத முயல் அச்சத்தால் உதைக்கும்போது அதன் முதுகெலும்பு முறிந்துபோகலாம். நிலத்தில் அமர்ந்து அதனோடு பழகுதலே சிறுவருக்குப் பொருத்தமானது.

முயலுக்குத் துணை வேண்டும் என்றேன். ஆனால் ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின், நான்கு முதல் ஆறு மாதப் பருவத்திலேயே சினைப்படும். 31 நாட்களிற் குட்டி ஈனும். ஈன்றவுடனே மீண்டும் சினைப்படவும் கூடும். வரும் குட்டிகளுக்கு யார் வீட்டில் இடமுண்டு என்பதை முன்னரே எண்ணுதல் வேண்டும். மிருக வைத்தியரைக் கொண்டு இனப்பெருக்கத் தடை செய்வித்த சோடியே அமைதியாக வாழும்.

நேயர்களே, நன்கு பேணப்பட்ட முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். இன்று முதலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் குட்டி, அப்பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் காலத்திலும் உங்கள் வீட்டில் இருத்தல் கூடும். ஆகவே சந்தையிற் குட்டியின் அழகைக் கண்டு கைக்கு எடுக்குமுன், வீட்டில் நிழலுள்ள இடம் எது, புல் எங்கே கிடைக்கும், நாள்தோறும் படுக்கை மாற்றப் போகின்றவர் யார் என்னும் மூன்றையும் குடும்பத்தாரோடு கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். கொட்டிலை முதலில் கட்டுங்கள். புல்லை உலர்த்தி வையுங்கள். அதன் பின்னர் முயலைக் கொண்டுவாருங்கள்.